எரிவாயுவும் ஓடியது, போரும் நடந்தது

கேள்வி இதுதான்: “உலகமயமாதல் நாடுகளுக்கு நடுவே உள்ள சுவர்களைக் கரைத்துவிடும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொன்னார்கள். ஆனால் பக்கத்துப் பக்கத்து நாடுகள் இன்னும் முறைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. வணிகமும் சமூக மாற்றங்களும் அண்டை நாடுகளை நெருங்கவைத்தனவா, பிரித்தனவா?”

நெருங்கவைத்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நெருங்கியவர்கள் எல்லாரும் நண்பர்களாகிவிடுவதில்லை. நெருக்கம் கூடும்போது உரசிக்கொள்வதற்கான காரணங்களும் கூடுகின்றன. வணிகம் வளர்ந்தால் பகை தானாகத் தணியும் என்ற நம்பிக்கை இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முதலில் அதை எடுத்துப் பார்த்துவிடலாம். சில அண்டை நாடுகள் மட்டும் எப்படிப் பழம்பகையிலிருந்து மீண்டன என்பதற்குப் பிறகு வருகிறேன். என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கல் வாங்கல் எவ்வளவு நடக்கிறது என்பது இதைத் தீர்மானிப்பதில்லை. தகராறு வரும்போது இரு தரப்பும் போய் உட்கார ஒரு பொது இடம் முன்கூட்டியே இருக்கிறதா, அங்கே எட்டப்படும் உடன்பாட்டை இரு நாட்டு மக்களும் தங்களுடையதாக ஏற்கிறார்களா என்பதுதான் தீர்மானிக்கிறது.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அன்றும் மறுநாளும், அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும், ரஷ்ய எரிவாயு உக்ரைன் மண்ணுக்கு அடியில் பதித்த குழாய்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2019 டிசம்பரில் கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தம் அது. குழாயைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தை, தான் படையெடுத்த நாட்டுக்கே ரஷ்யத் தரப்பு செலுத்தியது. தலைக்கு மேலே ஏவுகணை, காலுக்கு அடியில் வணிகம். ஒப்பந்தக் காலம் முடிந்து, அதைப் புதுப்பிக்க உக்ரைன் மறுத்த பிறகு, 2025 ஜனவரி 1 அன்றுதான் அந்த ஓட்டம் நின்றது. பொருளாதாரப் பிணைப்பு போரைத் தடுக்கும் என்று சொல்பவர்கள் இந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது போரைத் தடுக்கவில்லை. போரும் அதை உடனே நிறுத்திவிடவில்லை. இதே குழாய்கள் 2006லும் 2009லும் விலைத் தகராறில் மூடப்பட்டன. 2009 ஜனவரிக் குளிரில், அந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் எரிவாயு இல்லாமல் தவித்தன.

வளைகுடாவிலும் இதே கதைதான். 2017 ஜூன் 5 அன்று சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கும் கத்தாருடன் உறவைத் துண்டித்தன. கத்தாருக்கு நிலவழி எல்லை ஒன்றே ஒன்றுதான், சவூதியுடன். அது மூடப்பட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்த பால் நின்றுபோனதால், கறவை மாடுகளை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆனால் கத்தாரிலிருந்து அமீரகத்துக்குக் கடலடியில் போகும் ‘டால்பின்’ எரிவாயுக் குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. கத்தார்க் குடிமக்கள் இரண்டு வாரங்களில் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்ட நாட்டில், கத்தாரின் எரிவாயுவால் விளக்கு எரிந்தது. கணவன் ஒரு நாட்டவர், மனைவி இன்னொரு நாட்டவர் என்று வாழ்ந்த குடும்பங்கள் திண்டாடிப்போயின. 2021 ஜனவரியில் அல் உலா நகரில் சமரசம் ஆகும்வரை மூன்றரை ஆண்டுகள் இப்படியே ஓடின. பிழைத்தது பணம் தரும் பிணைப்பு. அறுந்தது மனிதர்களின் பிணைப்பு.

இது நம் காலத்துப் புதுமையும் அல்ல. 1914க்கு முன் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வணிகக் கூட்டாளிகளாகவே இருந்தன.

அப்படியானால் பிரான்சும் ஜெர்மனியும் மட்டும் எப்படி மாறின? 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை மோதிய நாடுகள் அவை. பொதுச் சந்தை அவர்களை மாற்றியது என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நடந்த வரிசையைப் பாருங்கள். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் முன்வைத்தது பொதுவான வணிகப் பெருக்கம் அல்ல. நிலக்கரி, எஃகு என்ற இரண்டே பொருள்கள். பீரங்கி செய்யத் தேவையான அந்த இரண்டையும் இரு நாடுகளுக்கும் பொதுவான ஓர் உயர் அதிகார அமைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றார். மறு ஆண்டு பாரிஸ் ஒப்பந்தத்தில் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவையும் சேர்ந்து ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. ரகசியமாகப் போருக்கு ஆயத்தமாக முடியாதபடி ஒருவர் கணக்குப் புத்தகம் மற்றவர் மேசையில் திறந்தே கிடக்கும் ஏற்பாடு அது.

ஷூமனின் வாழ்க்கையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் குடும்பத்தின் பூர்வீகம் லொரேன் வட்டாரம். 1871இல் அதன் ஒரு பகுதியை ஜெர்மனி இணைத்துக்கொண்டதால், 1886இல் லக்சம்பர்க்கில் அவர் பிறந்தபோதே ஜெர்மன் குடிமகன். முதல் உலகப் போர் முடிந்து அந்த நிலம் பிரான்சுக்குத் திரும்பிய பிறகுதான், முப்பது வயதைத் தாண்டி, பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். அவர் குடியுரிமை மாறியது அவர் எல்லையைக் கடந்ததால் அல்ல. எல்லைதான் அவரைக் கடந்து போய் வந்தது. எல்லையோரத்துப் பிள்ளை ஒருவர் தலைநகரத்தில் முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த இரு நாடுகளுக்கும் வாய்த்த நல்வாய்ப்பு என்றே நினைக்கிறேன்.

1963 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் டிகோலும் மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் அடினாவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதைப் படித்தால் சப்பென்றிருக்கும். தலைவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திக்க வேண்டும், வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சந்திக்க வேண்டும் என்பது போன்ற விதிகள்தான். அதன் பலம் அந்தச் சப்பில்தான் இருக்கிறது. கோபமாக இருந்தாலும் சந்தித்தாக வேண்டும். சந்திப்பதற்கு யாரும் முதலில் இறங்கி வர வேண்டியதில்லை. தேதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. அதே ஆண்டு தொடங்கிய இளைஞர் பரிமாற்ற அலுவலகம் இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை எல்லைக்கு அப்பால் அனுப்பிவைத்திருக்கிறது. 2006இல் இரு நாட்டுப் பள்ளிகளுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூல் ஒன்றும் வந்தது. எதிரியாக இருந்தவருடன் உட்கார்ந்து சொந்த வரலாற்றை எழுத போர் முடிந்த பிறகு அறுபது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அவசரப்படுபவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் கணக்கு இது.

இனி சமூக மாற்றம். மக்கள் படித்தால், பயணம் செய்தால், ஜனநாயகம் வேர்விட்டால் அண்டை நாட்டுப் பகை தேயும் என்பது பொதுவான எண்ணம். பாதி உண்மை. மீதிப் பாதிக்குத் தென் கொரியாவையும் ஜப்பானையும் பார்க்க வேண்டும்.

1965இல் இரு நாடுகளும் உறவைச் சீரமைத்து ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜப்பான் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் தந்தது. ஜப்பான் கொரியாவை ஆண்ட காலனிக் காலத்துக் கோரிக்கைகள் எல்லாம் இத்துடன் தீர்ந்தன என்று எழுதிக்கொண்டார்கள். கொரியத் தரப்பில் கையெழுத்திட்டது ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்த பார்க் சுங் ஹீயின் அரசு. அதற்கு முந்தைய ஆண்டு மாணவர்கள் இந்தப் பேச்சுவார்த்தையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபோது ராணுவச் சட்டம் போட்டு அடக்கினார்கள். பணம் தொழில் வளர்ச்சிக்குப் போனது. கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களை யாரும் அழைத்துக் கேட்கவில்லை.

பிறகு ஜனநாயகம் வந்தது, வழக்கறிஞர்கள் வந்தார்கள், முதியவர்கள் வாய் திறந்தார்கள். 2018 அக்டோபரில் கொரிய உச்ச நீதிமன்றம் அந்த உழைப்பாளிகளுக்கு இழப்பீடு தரும்படி ஜப்பானிய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எல்லாம் 1965லேயே முடிந்துவிட்டது என்றது ஜப்பான். 2019 ஜூலையில், மின்னணுச் சில்லுகளுக்கும் (சிப்) திரைகளுக்கும் இன்றியமையாத மூன்று ரசாயனப் பொருள்களைக் கொரியாவுக்கு ஏற்றுமதி செய்வதில் கெடுபிடி காட்டியது. நீதிமன்றத் தீர்ப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது. கொரியர்கள் யாரும் அதை நம்பவில்லை. ஜப்பானிய பீரையும் உடைகளையும் பயணங்களையும் புறக்கணித்தார்கள். உலகத்தின் மிகச் சிக்கலான விநியோகச் சங்கிலி ஒன்று, எண்பது ஆண்டு பழைய காயத்தின் மேல் வந்து இடித்து நின்றது.

நான் இதில் படிப்பது இது: மக்களைக் கேட்காமல் இரண்டு அரசுகள் போட்டுக்கொண்ட சமரசத்தை, அந்தச் சமூகம் மாறியதும் திறந்து பார்க்கும். ஜனநாயகம் அண்டை உறவை இனிமையாக்கும் என்பதைவிட, நேர்மையாக்கும் என்று சொல்வதுதான் சரி. நேர்மை ஆரம்பத்தில் வலிக்கும். அதே சமூக மாற்றம் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்தது. 1998 வரை ஜப்பானியப் படங்களையும் பாட்டுகளையும் தென் கொரியாவில் சட்டப்படி வெளியிட முடியாது. அந்த ஆண்டு அதிபர் கிம் டே ஜுங் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் தொடங்கினார். தங்கள் பண்பாடு அழிந்துவிடும் என்று அஞ்சினார்கள். சில ஆண்டுகளில் கொரியத் தொடர்களைப் பார்க்க ஜப்பானில்தான் கூட்டம் சேர்ந்தது. 2023இல் ஏற்றுமதிக் கெடுபிடி தளர்ந்தது. 2024இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் ஜப்பானுக்குப் போய்வந்தார்கள். அந்த முதியவர்களின் வழக்கு எல்லார்க்கும் திருப்தியாக முடிந்துவிட்டதா என்றால், இல்லை. விருப்பமும் கோபமும் ஒரே மனத்தில் இருக்கின்றன. அண்டை உறவு என்றால் அது அப்படித்தான் இருக்கும்.

நண்பர்களுக்குள்ளும் வணிகம் புகுந்து கலகம் செய்யும். உக்ரைன் போரின் முதல் நாள்களில் போலந்து மக்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து அகதிகளை ஏற்றதை உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டே உக்ரைன் தானியம் குறைந்த விலைக்கு வந்து குவிகிறது என்று போலந்து விவசாயிகள் கொதித்தார்கள், அரசு இறக்குமதிக்குத் தடை போட்டது, லாரி ஓட்டுநர்கள் எல்லைச் சாலைகளை மறித்தார்கள். அந்த விவசாயிகளைச் சுயநலக்காரர்கள் என்று திட்ட எனக்கு மனம் வரவில்லை. உலகமயமாதலின் லாபம் நாடு முழுக்கப் பரவுகிறது. நட்டம் மட்டும் எல்லையோரத்துச் சில மாவட்டங்களின் தலையில் இறங்குகிறது. 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் மெக்சிகோவின் சிறு மக்காச்சோள விவசாயிகள் பட்ட பாடும் இதே வகைதான். அவர்களுக்கு வழி செய்யாமல் நட்பைப் பற்றிப் பேசினால், அடுத்த தேர்தலில் அண்டை நாட்டைத் திட்டுபவருக்கு ஓட்டு தயாராக இருக்கும்.

எல்லையோர மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ‘சிட்மஹால்’களைத் தவிர்க்க முடியாது. இந்தியாவின் கூச் பிஹார் பகுதிக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே 162 நிலத்திட்டுகள் இருந்தன: வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள். அவற்றில் தகலா காக்ராபாரி என்ற ஒரு சணல் வயல், வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டுக்குள் இருந்த வங்கதேசத் திட்டுக்குள் இருந்த இந்திய நிலம். வரைபடத்தில் பார்க்க விநோதம். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது நரகம். ஊரைத் தாண்டி மின்கம்பி போகும், ஊருக்கு இணைப்பு கிடைக்காது. அது வேறு நாடு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எல்லைக்கு அப்பால் உள்ள யாரோ ஒருவரைத் தந்தை என்று எழுதிக்கொடுத்த பெற்றோர் இருந்தார்கள். பெற்ற தகப்பன் பக்கத்தில் நிற்க, வேறொருவர் பெயரைத் தந்தை என்று எழுதும் அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1974இல் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் திட்டுகளை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2015 ஜூலை 31 நள்ளிரவில். நாற்பத்தோரு ஆண்டுகள். இந்தியா தன் அரசமைப்புச் சட்டத்தை நூறாவது முறையாகத் திருத்த வேண்டியிருந்தது. 50,000க்கும் மேற்பட்டோருக்கு ஒரு நாடு கிடைத்தது. எந்த நாடு வேண்டும் என்று அவர்களைக் கேட்டார்கள் என்பதுதான் இதில் மிக முக்கியமானது. மிகப் பெரும்பாலோர் இருக்கும் மண்ணிலேயே இருக்கிறோம் என்றார்கள்; இந்தியாவுக்கு இடம் பெயர்ந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இதற்கு முந்தைய ஆண்டு, வங்காள விரிகுடாவின் கடல் எல்லை வழக்கில் சர்வதேச நடுவர் மன்றம் தகராறுக்குரிய சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தபோது இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. பெரிய நாடு சிறிய நாட்டிடம் தோற்றதை ஏற்பது அரிது. அந்த இரு நாடுகளின் உறவில் அதற்குப் பிறகு எத்தனையோ கசப்புகள் வந்துவிட்டன. கடலில் போட்ட அந்தக் கோடு மட்டும் இன்னும் நிற்கிறது.

நீரும் புகையும் பாஸ்போர்ட் கேட்டு நிற்பதில்லை. 1997இல் இந்தோனேசியக் காடுகளின் தீயால் சிங்கப்பூரும் மலேசியாவும் மூச்சுத் திணறின. தீ இந்தோனேசியாவில், சரி. ஆனால் அந்தக் காட்டை அழித்து நட்ட எண்ணெய்ப் பனைக்குச் சந்தை உலகம் முழுவதும். தோட்ட முதலீட்டில் மலேசிய, சிங்கப்பூர்ப் பணமும் உண்டு. தன் பணம் போட்ட புகை தன் வீட்டுக்கே திரும்பி வருகிறது. 2002இல் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் இதற்கென ஒப்பந்தம் செய்தும், மிக முக்கியமான நாடான இந்தோனேசியா 2014இல்தான் அதை ஏற்புறுதி செய்தது. 2015இல் மறுபடியும் கடும் புகை.

சிந்து நதி ஒப்பந்தம் என் வாதத்துக்கு ஒரு சோதனை. 1960இல் உலக வங்கியின் முன்னிலையில் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டன. 1965, 1971, 1999 என மூன்று போர்களைத் தாண்டியும் இரு நாட்டு நீர் ஆணையர்களும் கூடினார்கள். இத்தனை பகைக்கு நடுவே இப்படி ஓர் ஒழுங்கா என்று உலகம் வியந்த ஏற்பாடு. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், இந்தியா அதை நிறுத்திவைத்தது. அப்படியானால் பொது அமைப்புகளால் பயனில்லையா? அந்தத் தேதிக்கு முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2022 மே மாதத்துக்குப் பிறகு அந்த ஆணையமே கூடவில்லை. கூட்டம் நின்றது முதலில், ஒப்பந்தம் நின்றது பிறகு. ஆணையம் கூடிக்கொண்டிருந்தாலும் இது நடந்திருக்கலாம். ஆனால் கூடாத ஆணையத்துக்காகப் பேச எவரும் இல்லாமல் போனார்கள் என்பது உறுதி. நார்வேயும் ரஷ்யாவும் தங்களுக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலின் காட் வகை மீனுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு நிர்ணயிக்க 1970களில் தொடங்கிய கூட்டு ஆணையம், உக்ரைன் போருக்குப் பிறகும் கூடுகிறது. மீன் இனம் அழிந்தால் இருவருக்கும் நட்டம் என்ற ஒற்றைக் காரணம் போதுமாக இருக்கிறது.

நம்பிக்கைக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது பிரேசிலும் அர்ஜென்டினாவும்தான். இரண்டும் நெடுங்காலப் போட்டியாளர்கள். இரண்டிலும் ராணுவ ஆட்சிக் காலத்தில் ரகசிய அணுசக்தித் திட்டங்கள் வளர்ந்தன. 1983இல் அர்ஜென்டினாவிலும் 1985இல் பிரேசிலிலும் மக்களாட்சி திரும்பியது. 1987இல் அர்ஜென்டின அதிபர் அல்போன்சின், பில்கனியேவு யுரேனியம் செறிவூட்டும் ஆலையை வந்து பாருங்கள் என்று பிரேசில் அதிபர் சார்னியை அழைத்துப்போனார். அதே ஆண்டு, யுரேனியத்தைச் செறிவூட்டிய தங்கள் விஞ்ஞானிகளின் சாதனையை உலகுக்கு அறிவிப்பதற்கு முன்னால் சார்னி அல்போன்சினுக்குத் தெரிவித்தார். மறு ஆண்டு தங்கள் அரமார் ஆலையையும் திறந்து காட்டினார். 1991இல் இரு நாடுகளும் சேர்ந்து ஒரு கண்காணிப்பு அமைப்பை உருவாக்கின. பிரேசில் ஆய்வாளர்கள் அர்ஜென்டின ஆலைகளையும், அர்ஜென்டின ஆய்வாளர்கள் பிரேசில் ஆலைகளையும் சோதிக்கிறார்கள், இன்றுவரை. மெர்கோசூர் என்ற தென் அமெரிக்கப் பொதுச் சந்தைக்கான ஒப்பந்தமும் அதே 1991இல்தான் கையெழுத்தானது. அடுத்தவர் என்ன மறைக்கிறாரோ என்ற பயம் முதலில் தணிந்தது, சந்தை பின்னால் வந்தது.

கேள்வியில் இருந்த ‘சுவர்’ என்ற சொல்லுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. 2015 ஆகஸ்டில் வெனிசுவேலா, கொலம்பியாவுடனான எல்லையை மூடியது. அங்கே குடியிருந்த கொலம்பியர்களின் வீட்டுச் சுவரில் இடிக்க வேண்டியது என்பதற்கு அடையாளமாக ‘D’ என்ற எழுத்தை எழுதி இடித்தார்கள். மக்கள் தாச்சிரா ஆற்றில் முழங்கால் நீரில் இறங்கி, மெத்தையையும் குளிர்சாதனப் பெட்டியையும் முதுகில் சுமந்து தாய்நாட்டுக்குக் கரையேறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வெனிசுவேலாவின் பொருளாதாரம் நொறுங்கி, எதிர்த்திசையில் லட்சக்கணக்கானோர் வந்தார்கள். 2019இல் தூதரக உறவும் முறிந்தது. பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆனால் 1970களிலும் 80களிலும் வன்முறைக்கும் வறுமைக்கும் தப்பி வெனிசுவேலாவில் பிழைத்த உறவினர் இல்லாத குடும்பம் கொலம்பிய எல்லையோரத்தில் குறைவு. 2021 பிப்ரவரியில் கொலம்பியா, அப்போது தன் மண்ணில் இருந்த சுமார் 17 லட்சம் வெனிசுவேலர்களுக்குப் பத்து ஆண்டுகள் தங்கவும் வேலை செய்யவும் அனுமதி அறிவித்தது. இரு தலைநகரங்களுக்கும் பேச்சு வார்த்தையே இல்லாத நாள்கள் அவை. இரு நாடுகளையும் இணைக்கும் சிமோன் பொலிவார் பாலத்தில் சரக்கு லாரிகள் மறுபடி ஓடியது 2022 செப்டம்பரில்தான். அந்த அனுமதி அட்டைக்காக மக்கள் அதற்கு முந்தைய ஆண்டே வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள்.